அளக்காதவைக்குப் பூச்சியம்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் பழக்கம்.

1. இந்த வருடம், 2009 மாசியில், நான் வேலை செய்யும் இங்கிலாந்து ஆஸ்பத்திரியின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வன்னியில் ஒட்டுசுட்டானைச் சேர்ந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நியூமோனியா முற்றி, கிருமி குருதியில் கலந்து, உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடத் தொடங்கியிருந்தன.

2. நுரையீரல் தேறியது. சிறுநீரகம் தேறியது. குருதியழுத்தம் மருந்தில்லாமல் நின்றது. மயக்க மருந்தை நிறுத்தினார்கள். அவர் கண் திறக்கவில்லை.

3. சிகிச்சையைத் தொடர்வதா விடுவதா என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பேச இருந்தார்கள். அவருடைய மனைவி போர் நடந்துகொண்டிருந்த வன்னிக்குள் இருந்தார். அவரிடம் கேட்க வழி இல்லை.

4. வியாழக்கிழமை, அவருடைய மனைவியைப் போல நான் அவரைக் கூப்பிட்டேன்.

5. அவர் கண் திறந்தார்.

6. மனைவி தனக்கு ரெலிபோன் எடுத்ததாக அவர் எல்லோருக்கும் சொல்லத் தொடங்கினார்.

வரிசையில் பிழை இல்லை. ஆனால் சென்ற வாரம் அவர் ஒரு படிவத்தோடு என்னைத் தேடி வந்தார். அதனால் ஏழாவதாக ஒன்று உண்டு. அதை எழுத முன்னர் சிலவற்றை விளக்க வேண்டும்.

*

ஊரில் உள்ளவர்கள் நான் இங்கே நேர்ஸ் வேலை செய்கிறேன் என்று நினைக்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. வன்னியில் நான் படித்த தாதியர் பயிற்சியை இங்கே பதிவு செய்ய, பயிற்சி தந்த இடம் தன் முத்திரையோடு நேரடியாக ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். எங்கள் பயிற்சி நிலையம் இடம்பெயர்ந்து, மறுபடி இடம்பெயர்ந்து, பிறகு எங்கே என்று தெரியாமல் போய்விட்டது. இதை விளக்கி எழுதினேன். அந்த நிலையத்தின் மின்னஞ்சல் முகவரியையாவது தரும்படி பதில் வந்தது. அதையும் விளக்கி எழுதினேன். விளக்கத்துக்கு நன்றி சொல்லி, என்னுடைய கோப்பைத் திறந்தே வைத்திருப்பதாக எழுதினார்கள்.

ஆகவே நோயாளியைத் தொட எனக்கு அனுமதி இல்லை. எண்ணுவதற்கு அனுமதி உண்டு. காலையில் ஒவ்வொரு கட்டிலாகப் போய், தாதியர் எழுதிவைத்த அளவுகளை எடுத்துக் கணினியில் பதிகிறேன். முதல் மாதம் ஒரு நோயாளி 'எக்ஸ்பயர்ட்' என்று சொன்னேன். எங்கள் ஆஸ்பத்திரி ஆங்கிலத்தில் அது இறந்தவருக்குரிய மரியாதையான சொல். இங்கே அதைப் பாலுக்கும் மாத்திரைக்கும்தான் சொல்கிறார்கள். மேசையில் இருந்தவர், எந்த மருந்து என்று கேட்டார்.

நான் பதிகிறவற்றில் முக்கியமானது உறுப்புச் செயலிழப்பின் கடுமையைக் காட்டும் மதிப்பெண். நுரையீரல், குருதி உறையும் தன்மை, ஈரல், இதயமும் குருதியழுத்தமும், மூளை, சிறுநீரகம் என்று ஆறு. ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து நான்கு வரை. பூச்சியம் என்றால் சுகம். நான்கு என்றால் அந்த உறுப்பு தன் வேலையை விட்டுவிட்டது. ஆறையும் கூட்டினால், அந்த மனிதர் அன்றைக்கு எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று தெரியும். ஒரு நாள் கூட்டுத்தொகையை வைத்து ஒருவரும் முடிவெடுப்பதில்லை. நாளுக்கு நாள் ஏறுகிறதா இறங்குகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

இரண்டு விதிகள் உண்டு. ஒரு நாளில் பல தடவை அளந்திருந்தால், அவற்றில் ஆக மோசமானதை எழுத வேண்டும். ஒன்றை அன்று அளக்கவே இல்லையென்றால், அது நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பூச்சியம் போட வேண்டும்.

இரண்டாவது விதிக்கு இங்கே அதிகம் வேலை இல்லை. இங்கே எல்லாவற்றையும் அளக்கிறார்கள்.

*

இந்த மதிப்பெண்ணை நான் முதலில் பார்த்தது வன்னியில். சமாதான காலத்தில், வன்னிக்கு வரும் ஏ9 பாதை திறந்திருந்தபோது, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு டொக்டர் எங்கள் ஆஸ்பத்திரியில் நாலு கட்டில் போட்டு ஓர் அறையைத் தொடக்கிவைத்தார். பிளாஸ்ரிக் உறை போட்ட ஒரு தாளைச் சுவரில் ஒட்டி, மதிப்பெண் போடும் முறையைச் சொல்லித் தந்தார். விடுமுறை முடியப் போய்விட்டார்.

அந்த அறையில் நானும் தர்சினியும் வேலை. இரண்டு பேரும் ஒரே பயிற்சி வகுப்பு, ஒரே வயது. நான் கனகராயன்குளம், அவள் நெடுங்கேணி. நான் குறைவாகக் கதைப்பேன். அவள் எனக்கும் சேர்த்துக் கதைப்பாள்.

குருதியில் ஒட்சிசன் அளக்கும் இயந்திரம் எங்களிடம் இல்லை. ஈரல் சோதனைக்கான மருந்து, ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடி தாண்டி வந்து சேர்ந்த கிழமைகளில் மட்டும் இருக்கும். அதனால் அந்தத் தாளின்படி எங்கள் நோயாளிகளுக்கு நுரையீரல் எப்போதும் பூச்சியம். மூச்சு இழுத்து விலா எலும்பு உள்ளே போகிறவருக்கும் பூச்சியம்.

"எங்கட சனத்துக்கு வருத்தமே இல்லையடி," என்பாள் தர்சினி, கூட்டுத்தொகையை எழுதிக்கொண்டே. "மருந்து வராத கிழமையில ஒருத்தருக்கும் ஈரல் பழுதில்லை. பார், எவ்வளவு சுகதேகிகள்."

பிறகு அவளாகவே ஒரு முறை வைத்துக்கொண்டாள். அளந்து கிடைத்த பூச்சியத்துக்குள் ஒரு சிறிய புள்ளி வைப்பாள். அளக்காமல் போட்ட பூச்சியத்துக்குள் ஒன்றும் வைக்கமாட்டாள். டொக்டரின் தாளில் அப்படி ஒரு முறை இல்லை. ஆனால் எங்கள் அறையில் யார் மதிப்பெண்ணைப் பார்த்தாலும் முதலில் புள்ளியைத்தான் தேடுவார்கள்.

கருவி இல்லாமல் அளக்கக்கூடியது மூளை ஒன்றுதான். கூப்பிட வேண்டும். கண் திறந்தால் ஒரு எண். திறக்காவிட்டால் நகத்தை அழுத்தி நோவுக்குத் திறக்கிறாரா என்று பார்க்க வேண்டும். கையைப் பிடிக்கச் சொன்னால் பிடிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு குரலும் ஒரு விரலும் போதும்.

எலிக்காய்ச்சல் பரவிய ஒரு மாரியில் எங்கள் பக்கத்து வயல்காரர் ஒருவர் வந்தார். கண் மஞ்சள், சலம் போகவில்லை. அட்டையில் இருந்த பெயரைச் சொல்லி உரத்துக் கூப்பிட்டேன். அசைவில்லை. மூளைக்கு மூன்று எழுதப் போனேன். தர்சினி என் பேனையைப் பிடித்து நிறுத்திவிட்டு, வெளியே விறாந்தையில் நின்ற வீட்டுக்காரரிடம் போனாள்.

"வீட்டில இவரை ஆர் ஏசுறது?"

மனைவி நிலத்தைப் பார்த்தபடி, தான் அப்படி ஏசுகிறவள் இல்லை என்று மெல்லச் சொன்னார். பக்கத்தில் நின்ற மகள், "அம்மாதான்," என்றாள்.

மனைவியை உள்ளே கூட்டிவந்தோம். அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன். மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். எங்கள் பெண்கள் கணவனின் பெயரைச் சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியாததா? என் அம்மாவும் சொன்னதில்லை. மதிப்பெண் தாளுக்கு முன்னால் நின்றால் தெரிந்ததும் மறந்துபோகிறது.

"பேரை விடுங்கோ அக்கா," என்றாள் தர்சினி. "ஏசுங்கோ."

"இஞ்சாருங்கோ," என்று அவர் தொடங்கினார். அதற்குப் பிறகு குரல் தானாக ஏறியது. "மாடு கட்டையைப் புடுங்கிக்கொண்டு போய் அடுத்த வளவுக் கச்சான் தோட்டத்துக்க நிக்குது. அந்தாள் வாசல்ல வந்து நிண்டு கத்துறார். நீங்கள் இஞ்ச வந்து படுத்துக் கிடக்கிறியள்."

அவர் கண்ணைத் திறந்தார். எழும்பப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவரைப் பிடித்துப் படுக்கவைத்தோம்.

அன்றிலிருந்து அது எங்கள் அறையின் வழக்கம். மூளைக்கு மதிப்பெண் போட முன்னர், ஏசுகிறவரை உள்ளே விட வேண்டும். பெரும்பாலும் மனைவி. சில வேளை தமக்கை. ஒரு பஸ் றைவருக்கு அவருடைய கொண்டக்டர். நெடுங்கேணிச் சந்தையில் கடை வைத்திருந்த ஒரு தனிக்கட்டைக்கு ஒருவரும் இல்லாமல், வேலிச் சண்டையில் வருடக்கணக்காகப் பேசாமல் இருந்த அயல்காரரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டோம். அவர் ஏசியதை இங்கே எழுத முடியாது. கடைக்காரர் கண் திறந்து பதிலுக்கு ஏசினார். பேச்சு, அசைவு, கண் மூன்றும் ஒரேயடியாகச் சரி என்று தர்சினி எழுதிக்கொண்டாள்.

*

2006இல், ஏ9 பாதையை மூட முன்னர், நான் படிப்பு விசாவில் வெளிக்கிட்டேன். தர்சினியையும் விண்ணப்பிக்கச் சொன்னேன். "எல்லாரும் போனால் ஆர் ஏசுறது?" என்றாள்.

அவள் கடைசியாக ரெலிபோன் எடுத்தது இந்த வருடம் தையில். யாரோ ஒருவரின் சற்றலைற் போன். ஆஸ்பத்திரி கிழக்கே கிழக்கே நகர்ந்து, அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தது. வாங்கில்களைச் சேர்த்துக் கட்டிலாக்கியிருப்பதாகச் சொன்னாள். எனக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. நோயாளிகளுக்கு மதிப்பெண் போடுகிறீர்களா என்று கேட்டேன்.

"ஒண்டும் அளக்கிறேல்லை மதி," என்றாள். "அந்தத் தாளின்ர விதிப்படி இஞ்ச எல்லாரும் சுகம்."

நீ சாப்பிட்டாயா என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. லைன் போய்விட்டது.

இப்போதும் காலையில் ஒரு கட்டிலின் மதிப்பெண்ணைப் பதியும்போது, ஆறு பெட்டிகளில் ஒன்று வெறுமையாக இருந்தால் கணினி தானாகவே அதில் பூச்சியத்தைப் போட்டுக்கொள்ளும். அப்படி அது போடும் ஒவ்வொரு தடவையும் அவளுடைய குரல் கேட்கும். எல்லாரும் சுகம்.

*

மாசியில் வந்த மனிதரின் அட்டையில் முத்தையா நவரத்தினம் என்று இருந்தது. இங்கே தாதியர் நோயாளியை முதல் பெயரால் கூப்பிடுவார்கள். அதுதான் நெருக்கம் என்பது இவர்களின் பழக்கம். மயக்க மருந்தை நிறுத்திய நாளிலிருந்து, "முத்தையா, கண்ணைத் திற, முத்தையா," என்று காதருகே குனிந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். முத்தையா அவருடைய தகப்பன். எப்போதோ செத்துப்போன ஒருவரை, மிகவும் அன்பாக, மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அந்தக் கட்டிலுக்குக் கூப்பிட்டார்கள்.

அவரைப் பார்த்துக்கொண்ட தாதி மரியா, பிலிப்பைன்ஸ்காரி. அவளிடம் அவருடைய பெயர் நவரத்தினம், நவம் என்று கூப்பிடலாம் என்று சொன்னேன். அவள் கன்னத்தில் கை வைத்தாள். உடனே தலைமாட்டுப் பலகையில் நவம் என்று மாற்றி எழுதினாள். பிறகு எல்லோரும் "நவம், நவம்" என்றார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தொண்டையில் மூச்சுக் குழாய் இருந்ததால் பேச்சைச் சோதிக்க முடியாது. குரலுக்குக் கண் திறக்கவில்லை, நோவுக்குச் சற்றுத் திறந்தார், சொன்னதைச் செய்யவில்லை. மற்ற ஐந்தும் இறங்கிக்கொண்டுவர, மூளை மட்டும் மூன்றில் நின்றது.

அந்தப் பிரிவின் பெரிய டொக்டர் அவசரக்காரர் அல்ல. குருதியழுத்தம் விழுந்துகிடந்த நேரத்தில் மூளைக்குச் சேதம் வந்திருக்கலாம், ஸ்கான் படம் தெளிவாக ஒன்றும் சொல்லவில்லை, வெள்ளிக்கிழமை எல்லோரும் இருந்து பேசுவோம் என்றார். குடும்பத்தின் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்றார். அலுவலகப் பெண், மனைவியின் முகவரியைச் செல்வத்திடம் கேட்டாள். செல்வம் நவத்தோடு ஒரே அறையில் இருப்பவர், இரண்டு பேரும் ஒரே பெற்றோல் நிலையத்தில் வேலை. அந்தக் குடும்பம் ஒட்டுசுட்டானை விட்டு வெளிக்கிட்டு மாதக்கணக்காகிறது, கடைசியாக ஒரு மரத்துக்குக் கீழே இருந்தது என்று செல்வம் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். பெண் எழுதிக்கொண்டு, தபால் குறியீடு என்ன என்று கேட்டாள்.

அவள் போன பிறகு செல்வத்திடம் நான் தர்சினியின் கேள்வியைக் கேட்டேன். இவரை யார் ஏசுகிறது?

செல்வம் சிரித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். "வேற ஆர், அவாதான். ஒவ்வொரு கிழமையும் ஏச்சு. ஸ்பீக்கரில போட்டிட்டுத்தான் கதைப்பான், எனக்கும் சேர்த்து விழும்."

மனைவி காசு கட்டிப் பேசும் கொம்யூனிக்கேசன் கடையிலிருந்து எடுப்பாராம். இடம்பெயர்ந்த இடத்திலும் ஒருவர் தகரக் கொட்டிலுக்குள் ரெலிபோனும் மீற்றருமாக இருந்தாராம். எடுத்தவுடன் சுகம் கேட்பதில்லை. மீற்றர் ஓடுகிறது, கெதியாகக் கதையுங்கோ என்றுதான் தொடக்கம். பெரியவள் பள்ளிக்கூடம் போகவில்லை என்பது, யானை மரவள்ளியைப் பிடுங்கியது என்பது, எல்லாம் நவத்தின் குற்றம்போலச் சொல்லப்படும். நவம் கதிரை நுனியில் இருந்து ஓம் ஓம் என்பாராம். அவர் வெளிக்கிடும்போது இளையவள் கைக்குழந்தை. "சின்னவள் ரெலிபோனைத்தான் அப்பா எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள்," என்றார் செல்வம். கடைசி அழைப்பு மார்கழியில்.

அன்று வீட்டில் சமையலறையில் நின்று, இஞ்சாருங்கோ என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். நான் ஒரு தமிழ்க் குடும்பத்தில் அறை வாடகைக்கு இருக்கிறேன். அந்த வீட்டு வசந்தி அக்கா கறியைக் கிளறியபடி திரும்பினா. "ஆரடி அந்த இஞ்சாருங்கோ? எனக்குச் சொல்லாமல் கலியாணம் பேசி முடிச்சிட்டியோ?" என்றா. விஷயத்தைச் சொன்னேன். நான் தொடங்குகிற விதம் பிழை, தொடக்கத்தில் சற்று நிறுத்தி, கடைசியை இழுக்க வேண்டும் என்றா. ஆனால் தன்னால் செய்துகாட்ட வராது என்றா. அவ கணவனை ரவி என்றுதான் கூப்பிடுவா, இங்கே வந்து இரண்டாம் வருடமே மாறிவிட்டதாம். அவவின் மகள் ஆரணிக்கு ஏழு வயது. இஞ்சாருங்கோ என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இங்கே பாருங்கள் என்று விளக்கினேன். எதைப் பார்ப்பது என்று கேட்டாள்.

*

வியாழக்கிழமை காலை, கட்டிலடியில் மரியா நின்றாள். அவரோடு கதைக்கலாமா என்று கேட்டேன். தொடுவதற்குத்தான் பதிவு வேண்டும், கதைப்பதற்கு ஒருவரும் பதிவு கேட்கவில்லை என்றாள். திரையை இழுத்துவிட்டுக் கால்மாட்டில் நின்றுகொண்டாள்.

"நவம் அண்ணை," என்றேன். ஒன்றும் இல்லை. "இஞ்சாருங்கோ." என் குரல் எனக்கே கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. முன்பின் தெரியாத ஒருவரை நான் எப்படி அப்படிக் கூப்பிடுவது? தோளுக்குப் பின்னால் தர்சினி நின்று, பேரை விடு, ஏசு என்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். திரைச்சீலைதான்.

"இஞ்சாருங்கோ," என்றேன் உரத்து. "இருக்கிறியளோ? மீற்றர் ஓடுது. எவ்வளவு நேரமாக் கூப்பிடுறன், அப்பிடி என்ன நித்திரை உங்களுக்கு? சின்னவள் ரெலிபோனைத் தா தா எண்டு சீலையைப் பிடிச்சு இழுக்கிறாள். கதைக்கிறியளோ, வைக்கட்டோ?"

இமை துடித்தது. திறந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் பக்கத்து மேசைக்கு ஓட்டினார். வலது கை விரல்கள் மடங்கின. எதையோ பிடித்துக் காதுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. மரியா ஓடிவந்து தன் கையை அந்த விரல்களுக்குள் வைத்து, பிடிக்கச் சொல் என்றாள். "பிடியுங்கோ," என்றேன். பிடித்தார். விடச் சொன்னேன். விடவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கவில்லை. ஆனால் விதி விதிதான். ஒரு நாளின் ஆக மோசமான அளவைத்தான் எழுத வேண்டும். அன்று அதிகாலை அளந்தபோது அவர் கண் திறக்காததால், கண் திறந்த நாளுக்கும் நான் மூளைக்கு மூன்று என்றே பதிந்தேன்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் ஒன்று விளங்கியது. நான் கூப்பிட்டு அவர் வந்தது என்னிடம் அல்ல. மீற்றர் ஓடுகிற அந்தத் தகரக் கொட்டிலுக்கு வந்திருக்கிறார். அங்கே யாராவது இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது.

*

குழாயை எடுத்த பிறகு அவர் முதலில் சொன்னது, "அவா எடுத்தவா," என்பது. குரல் அடைத்திருந்தது. செல்வம் வந்தவுடன் அவரிடமும் அதையே சொன்னார். சின்னவளும் பக்கத்தில் நின்றதாகச் சொன்னார்.

அது வன்னிக்குள்ளிருந்து ஒருவருக்கும் அழைப்பு வராத காலம். கதை இந்த ஊர்த் தமிழ் வீடுகளுக்குப் பரவியது. எந்த நம்பரில் வந்தது, யாருடைய போன் என்று கேட்டு, சொந்தங்களைத் தேடுகிறவர்கள் செல்வத்துக்குப் போன் எடுத்தார்கள். நான் செல்வத்திடம் உண்மையைச் சொன்னேன். அவர் கைப்போனை நிறுத்திப் பைக்குள் வைத்தார். பிறகு, மற்றவர்களிடம் தான் விளக்கிக்கொள்வதாகவும் நவத்திடம் இப்போது சொல்ல வேண்டாம் என்றும் கேட்டார். "எழும்பி நடக்கட்டும் தங்கச்சி. இப்ப அவனை நிப்பாட்டி வைச்சிருக்கிறது அதுதான்."

டொக்டரிடம் கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பார். நவம் எழும்பினார், நடந்தார், வேறு பிரிவுக்குப் போனார், வீட்டுக்குப் போனார். வைகாசி வந்தது. போர் முடிந்தது என்றார்கள். வன்னியிலிருந்து வெளியே வந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களில் இருக்கிறவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கின. தர்சினியின் பெயரை நான் தேடினேன். நவம் அவருடைய மூன்று பேரைத் தேடினார்.

*

சென்ற வாரம் அவர் ஆஸ்பத்திரிக் கன்ரீனுக்கு வந்தார். காணாமல்போனவர்களைத் தேடும் ஒரு நிறுவனத்தின் படிவம் கையில் இருந்தது. ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும். ஆளுக்கு ஒரு தேத்தண்ணி எடுத்துக்கொண்டு இருந்தோம்.

மனைவியின் பெயர் என்று முதல் வரி. அவர் சொல்லத் தொடங்கி நிறுத்தினார். "அவவின்ர பேர்…" என்றார். "கலைவாணி." ஒரு தடவைதான் சொன்னார், வேறு யாருடைய பெயரையோ சொல்வதுபோல. பிள்ளைகளின் பெயர்களைத் தடையில்லாமல் சொன்னார்.

அடுத்தது, கடைசியாகத் தொடர்பு கிடைத்த மாதம்.

"மாசி," என்றார். "நான் இஞ்ச கிடக்கேக்க."

படிவத்தின் அடியில் விளக்கம் இருந்தது. அந்த மாதத்தை வைத்துத்தான் எந்த இடங்களின் பெயர்ப் பட்டியல்களிலிருந்து தேடலைத் தொடங்குவது என்று தீர்மானிப்பார்களாம். மாசி என்று எழுதினால் மார்கழியிலும் தையிலும் நடந்தவற்றுக்குள் ஒருவரும் தேடமாட்டார்கள். பேனையை வைத்தேன்.

"அண்ணை, அது நான்."

அவர் என்னைப் பார்த்தார்.

"மாசியில கூப்பிட்டது நான். உங்களை எழுப்புறதுக்காக. செல்வம் அண்ணை சொன்னதை வைச்சு அவாவைப் போலக் கூப்பிட்டனான். ரெலிபோன் ஒண்டும் வரேல்லை."

தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் ஒரு பக்கம் திருப்பினார். மறுபக்கம் திருப்பினார்.

"அவா ஓடுது எண்டு சொல்லமாட்டா தங்கச்சி," என்றார். "மீற்றர் பாயுது எண்டுதான் சொல்லுவா." கோப்பையைத் தள்ளிவைத்தார். "எனக்கு அது அப்பவே ஒரு மாதிரிக் கிடந்தது. லைன் சரியில்லை எண்டு நினைச்சன்."

கன்ரீனில் யாரோ தட்டுகளை அடுக்கினார்கள். அவர் படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"மார்கழி எண்டு எழுதும்."

எழுதினேன். ஏழாவது இதுதான்.

*

இன்றைய நிலை இது. நவம் அரை நாள் வேலைக்குப் போகிறார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சிறுநீரகமும் ஈரலும் சரி. அனுப்பிய படிவம் கிடைத்ததாக ஓர் இலக்கம் வந்திருக்கிறது, வேறு பதில் இல்லை. என்னுடைய பதிவுக் கோப்பு திறந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் முகாம்களில் இருக்கிறவர்களின் பட்டியலைத் திரும்பவும் பார்த்தார். இறந்தவர்கள் என்று எழுதிவைத்த பட்டியல் ஒன்றையும் பார்த்தார். தர்சினியின் பெயர் இரண்டிலும் இல்லை. கலைவாணியின் பெயரும் பிள்ளைகளின் பெயர்களும் இரண்டிலும் இல்லை. விதிப்படி நாலு பேருக்கும் பூச்சியம் போட்டிருக்கிறேன். உள்ளே புள்ளி வைக்கவில்லை.